ரெண்டு வில்லை

கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க சார். இந்த சால்வைய எங்கயாச்சும் வைக்கணும். தோள்ல போட்டுக்கினா கசகசன்னு இருக்குது, ஜரிகை வேற கழுத்தக் குத்துது. வேணும்னா நீங்க எடுத்துக்கங்களேன். நெஜமாத்தான் சொல்றேன். எனக்கு இதப் பார்த்தாலே குமட்டுது. கேசரி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாங்க. அத கூட்ரோட்லயே நாய்க்குப் போட்டுட்டேன். நாயும் மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சு.

வேலூர் வரைக்குமா? கொணவட்டமா, சரி. நான் சத்துவாச்சாரி. இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்குது. பஸ்ல தூங்கற ஆளா நீங்க? இல்லையே? நான் பேசிக்கினே வருவேன். பேசாம வாய மூடிக்கினு வந்தா இன்னிக்கு எனக்கு வாந்தி வந்துடும்.

ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. ஒரு பொம்பள. புருஷன் எழுபத்தொண்ணு சண்டைக்குப் போனவன், திரும்பி வரல. செத்தானா இருக்கானான்னு யாருக்கும் தெரியல. அம்பத்திமூணு வருஷம் கழிச்சு அவன் கழுத்துல கெடந்த வில்லைய ஒருத்தன் கொண்டாந்து கையில கொடுக்கறான். அந்தம்மா இன்னா பண்ணணும்? அழுவணும். இல்ல, அத கண்ணுல ஒத்திக்கணும். இல்ல, கொண்டாந்தவனப் பார்த்து ஒரு கும்பிடு போடணும். இந்தம்மா இன்னா கேட்டாங்க தெரியுமா சார்? "வாட்ச் எங்க?"ன்னு கேட்டாங்க. வாட்ச். கையில கட்டற வாட்ச்.

ச்சே. நூறு பேரு உக்காந்திருக்கற எடத்துல.

வில்லைன்னா புரியுதா உங்களுக்கு? பட்டாளத்துல ஒவ்வொருத்தனுக்கும் ரெண்டு தகடு கொடுப்பான். எட்டணா காச விட கொஞ்சம் பெரிசு. ஒண்ணு வட்டமா இருக்கும், கயித்துல கோத்து கழுத்துல போடறது. இன்னொண்ணு முட்டை மாதிரி நீட்டமா இருக்கும், அது கையில கட்டறது. ரெண்டுலயும் ஒரே எழுத்துதான். நம்பர், பேரு, மதம், இன்னா ரத்தம். ஊர் பேரு இருக்காது. அத நல்லா கவனிச்சுக்கங்க சார், ஊர் பேரு இருக்காது. ஆளு செத்துட்டான்னா கழுத்துல இருக்கறத அறுத்து ஆபீசுக்கு அனுப்பணும். கையில இருக்கறது அவன்கூடவே போவணும், எரிச்சாலும் சரி, பொதைச்சாலும் சரி. அதுக்குத்தான் ரெண்டு. நான் தனகோட்டி. பதினேழு வருஷம் சர்வீஸ், நாயக்கா ரிட்டயர் ஆனவன். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

எல்லாம் என் மருமகளால வந்தது. என் சம்சாரம் இருந்தவரைக்கும் என் டிரங்குப் பெட்டிய ஒருத்தரும் தொட்டது கெடையாது. அவ போயி ரெண்டு வருஷம் ஆவுது. மருமகளுக்கு கைய வச்சுக்கினு சும்மா இருக்கத் தெரியாது. போன மாசம் நான் முட்டி வலிக்கு ஆஸ்பத்திரி போன நேரம் பார்த்து, அந்துருண்டை போடறேன்னு பெட்டியத் தொறந்திருக்கா. அடியில ஒரு காக்கி சாக்ஸ், சாக்ஸுக்குள்ள இந்த ரெண்டு வில்லை. "மாமா, யாரு இது சம்பங்கி?"ன்னு என்னக் கேட்டிருந்தா ஏதோ ஒண்ணு சொல்லி முடிச்சிருப்பேன். கேக்கல. போட்டோ எடுத்து என் பையனுக்கு அனுப்பிட்டா. அவன் அத எங்க மாஜி ராணுவத்தார் சங்கத்து வாட்சப்புல போட்டுட்டான். மேல ரெண்டு கொடி, கீழ கைகூப்பற படம். நான் ஆஸ்பத்திரியில டோக்கன் வச்சுக்கினு உக்காந்திருக்கேன், போனு அடிச்சிக்கினே இருக்குது.

சங்கத் தலைவரு பொன்னுரங்கம், சுபேதார் மேஜரா இருந்தவரு. அவருக்கு மைக்குன்னா சோறு தண்ணி வேணாம். "தனகோட்டி, இது எப்டிய்யா ஒங்கிட்ட?"ன்னாரு. நான் சொன்னேன், வங்காளத்துல ஒரு விவசாயி குளம் தூர் வார்றப்ப கெடச்சுது, அங்க செட்டில் ஆன என் பழைய கூட்டாளி ஒருத்தன் கூரியர்ல அனுப்பினான்னு. வாயில வந்தத சொன்னேன். அப்டியே முழுங்கிட்டாரு சார். குளத்துச் சேத்துல அம்பது வருஷம் கெடந்த தகடு இப்டியா இருக்கும்னு ஒரு வார்த்தை கேக்கல. என் கையில இருந்து வாங்கினவரு அத பாலீஷ் போட்டு எவர்சில்வர் கணக்கா ஆக்கிட்டாரு. வட்டத்த மூவர்ண ரிப்பன்ல கோத்துட்டாரு. மூணே நாள்ல ஊரு, தெரு, பொஞ்சாதி பேரு எல்லாம் கண்டுபிடிச்சிட்டாரு. மூணே நாள் சார். வேலைவெட்டி இல்லாத ஆளு, வேற இன்னா.

இன்னிக்கு காலையில கல்லேரிப்பட்டியில ஷாமியானா. தெரு அடைச்சு நாற்காலி. ஒரு பிளெக்ஸ் வச்சிருந்தாங்க பாருங்க. சம்பங்கிக்கு போட்டோ ஒண்ணுகூட கெடையாது. கல்யாணத்துக்கு எடுக்கல, பட்டாளத்துல எடுத்தது மழையில போச்சு. அதுக்காக பிளெக்ஸ்காரன் எவனோ ஒரு மீசைக்காரன் படத்தப் போட்டுட்டான். இந்தக் காலத்து உடுப்பு, கறுப்புக் கண்ணாடி, கையில இந்தக் காலத்து துப்பாக்கி. அதுக்குக் கீழ "மாவீரர் சம்பங்கி". அந்தம்மா வந்து நின்னு அண்ணாந்து பார்த்துட்டு, "யாருங்க இவரு?"ன்னு கேட்டாங்க. பொன்னுரங்கம் சிரிச்சிக்கினே மழுப்பிட்டாரு.

அந்தம்மா பேரு பூங்காவனம். எழுபது எழுபத்தொண்ணு இருக்கும். பீடி சுத்தி சுத்தி வெரலு வளைஞ்சு போச்சு. ஆனா நெத்தியில பொட்டு, தலையில பூ, கழுத்துல தாலிக் கயிறு, புதுசா மஞ்சள் பூசினது. இதான் சார் எனக்கு மொதல்ல பிடிக்கல. புருஷன் போயி அம்பத்திமூணு வருஷம் ஆவுது, பேரு போட்ட வில்லைய வாங்க வர்றாங்க, பூ வச்சுக்கினா வருவாங்க? பக்கத்துல ஒரு ஆளு சொன்னான், அப்ப தந்தியில காணோம்னுதான் வந்துச்சாம், செத்தாருன்னு வரலியாம். ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசியிருக்கானுங்க. சண்டைக்குப் பயந்து ஓடிட்டான்னு ஒருத்தன். வங்காளத்துல எவளையோ சேத்துக்கினான், புள்ளகுட்டியோட இருக்கான்னு இன்னொருத்தன். பத்து வருஷம் போல கழிச்சு ஒரு காயிதம் வந்திருக்குது, இறந்ததாகக் கருதப்படுகிறார்னு. அந்தக் காயிதத்துக்கு அப்புறமும் தாலிய எடுக்கலியாம். மாமியார் வூட்டு ஜனம் எல்லாம் கண்டமேனிக்குப் பேசியும் எடுக்கலியாம்.

பொன்னுரங்கம் முக்கால் மணி நேரம் பேசினாரு. தேசம், தியாகம், ரத்தம். ரத்தம்னு சொல்லும்போது ஒரு பொடியன் வந்து அவருக்கு மோர் கொடுத்துட்டுப் போறான். எதிர்ல எல்லாரும் போன தூக்கிப் பிடிச்சிக்கினு படம் எடுக்கறானுங்க. அப்புறம் என்னக் கூப்பிட்டு இந்த சால்வைய போர்த்தினாரு. "வங்காளத்துக் குளத்துல இருந்து ஒரு வீரன மீட்டுக் கொண்டாந்த நாயக் தனகோட்டி"ன்னாரு. கை தட்டினாங்க. தாம்பாளத்துல பூ, பூவு மேல ரெண்டு வில்லை. நான்தான் நீட்டினேன்.

அந்தம்மா வட்டத்த எடுத்தாங்க, பேர ஒரு தடவ தடவிப் பார்த்தாங்க, மடியில வச்சுக்கினாங்க. அப்புறம் முட்டைய எடுத்தாங்க. அதுல கயிறு கோக்கறதுக்குன்னு சின்ன ஓட்டை இருக்கும். சம்பங்கி வில்லையில அந்த ஓட்டை சின்னதா இல்ல. யாரோ அரம் வச்சு ராவி நீட்டமா ஆக்கின ஓட்டை. அந்தம்மா அந்த ஓட்டைக்குள்ள நகத்த விட்டு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு இழுத்தாங்க. ரெண்டு தடவ இழுத்தாங்க. அப்புறம் என்ன நிமிர்ந்து பார்த்து, சத்தம் போடாம, "வாட்ச் எங்க?"ன்னாங்க.

மைக்கு பக்கத்துல இருந்ததுனால எல்லாருக்கும் கேட்டுடுச்சு. பொன்னுரங்கம், "அம்மா அதிர்ச்சியில இருக்காங்க, கேசரி கொடுங்கப்பா"ன்னு முடிச்சிட்டாரு.

நீங்க சொல்லுங்க சார், அது ஒரு கேள்வியா? எழுபதாம் வருஷத்து எச்.எம்.டி வாட்ச். இன்னிக்கு பழைய இரும்புக் கடையில கூட வாங்க மாட்டான். அதுக்கு ஆசப்படறாங்களே.

இல்ல, நீங்க அப்டிப் பார்க்காதீங்க. எச்.எம்.டின்னு எப்டித் தெரியும்னுதானே பார்க்கறீங்க. இருங்க, சொல்றேன். உங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா, நீங்க கொணவட்டத்துல எறங்கிப் போயிடுவீங்க. சத்துவாச்சாரியில என் தெருகூட உங்களுக்குத் தெரியாது. அந்த ஜன்னல கொஞ்சம் தொறந்து வுடுங்க.

குளமும் கெடையாது, விவசாயியும் கெடையாது. அது ஒரு ஆறு. பேரு வாயில நொழையாது. டிசம்பர் மாசம். எங்க பட்டாலியன் ஆத்தத் தாண்டறப்ப ஒரு படகு கவுந்துடுச்சு, அந்தக் கரையில இருந்து சுட்டுக்கினே இருக்கான். மூணு நாள் கழிச்சுத்தான் அந்தப் பக்கம் போவ முடிஞ்சுது. கீழ வளைவுல நாணல்ல பதினோரு பேரு ஒதுங்கிக் கெடந்தாங்க. காலையில ஒரு ஏழு மணி இருக்கும். ஹவில்தார் குஞ்ஞிராமன் என்னையும் இன்னொருத்தனையும் அனுப்பினாரு. "வட்டம் அறுத்து பையில போடு. கையில இருக்கறத தொடாத. அது ஆளோட போவணும்"னாரு. எனக்கு இருவது வயசு சார். மூணு நாள் தண்ணியில கெடந்தா ஒரு மனுஷன் எப்டி இருப்பான்னு உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். அன்னியில இருந்து நான் ஆத்து மீன் தின்னறதில்ல. மூக்குல துணியக் கட்டிக்கினு, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கினு, கையால தடவித் தடவி கயித்த அறுத்தேன். பத்து பேருக்கு ஒழுங்காத்தான் பண்ணேன். பத்து பேருக்கு சார். அத யாரும் சொல்ல மாட்டாங்க.

பதினோராவது ஆளு சம்பங்கி. வேற கம்பெனி, எனக்குப் பழக்கமே இல்ல. கழுத்துல இருந்த வட்டத்த அறுத்து கையில வச்சிருக்கேன். அப்ப அவன் கையப் பார்த்தேன். கை மட்டும் நாணலுக்கு வெளிய நீட்டிக்கினு இருந்துச்சு. அதுல வாட்ச். நின்னு போன வாட்ச் சார், கண்ணாடிக்குள்ள தண்ணி நிக்குது. அதுக்கு நான் ஏன் கை நீட்டினேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. எங்க ஊர்லயே அப்ப வாட்ச் கட்டினவன் வாத்தியார் ஒருத்தர்தான். பட்டைய அவுக்க முடியல, கை ஊதிக் கெடக்குது. அறுத்து இழுத்தேன். வாட்ச்கூட முட்டை வில்லையும் வந்துடுச்சு. பட்டாளத்துல பல பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு. கயிறு கட்டினா அவுந்து தொலைஞ்சிடும்னு, ஓட்டைய ராவி, வாட்ச் பட்டையிலயே வில்லைய கோத்துக்குவானுங்க. அவனும் கோத்திருக்கான். எனக்கு இன்னா தெரியும்?

வட்டம் ஒரு கையில, முட்டையும் வாட்ச்சும் இன்னொரு கையில. குஞ்ஞிராமன் வர்றாரு. நீங்க இன்னா பண்ணியிருப்பீங்க? வட்டத்த பையில போட்டா பேரு தெரிஞ்சிடும். பேரு தெரிஞ்சா அவன் கம்பெனிக்காரனுங்க வருவானுங்க, அவன் வாட்ச் கட்டியிருந்தானே, எங்கன்னு கேப்பானுங்க. செத்தவன் கையில இருந்து திருடினான்னா சும்மா வுடுவானா? எல்லாத்தையும் ஜோபியில போட்டுக்கினேன். "இவருக்கு ஒண்ணும் இல்ல சாப், ஆத்துல போயிடுச்சு போல"ன்னேன். குஞ்ஞிராமன் குனிஞ்சு கையத் தடவிப் பார்த்தாரு, எழுதிக்கினாரு. பத்து பேர பேரோட எரிச்சோம், ஒருத்தன பேரில்லாம எரிச்சோம். தனியா இல்ல, அவங்க பக்கத்துலயேதான் எரிச்சோம். மரியாதையெல்லாம் ஒரே மரியாதைதான். அதுல ஒண்ணும் கொறை வைக்கல.

வாட்ச் எங்க இருக்குதுன்னு கேக்கறீங்களா? இன்னொரு சாக்ஸ்ல இருக்குது. மருமக அத தொறந்து பார்க்கல, தப்பிச்சேன். பெங்களூர்ல கொடுத்து ரிப்பேர் பண்ணேன், நல்லா ஓடுது. ஒரு நாள்கூட கட்டினதில்ல. கட்டலாம்னு எடுப்பேன், அந்த நாத்தம் வந்துடும். தூக்கிப் போடலாம்னா அதுக்கும் கை வரல. மாசத்துக்கு ஒரு தடவ சாவி கொடுப்பேன், அவ்ளோதான். நான் எடுக்கலன்னா அது அவன்கூடவே எரிஞ்சு போயிருக்கும். ஒரு விதத்துல பார்த்தா நான்தான் அத காப்பாத்தி வச்சிருக்கேன்.

ஊர் பேரு தெரிஞ்சிருந்தா அப்பவே கொண்டாந்து கொடுத்திருப்பேன் சார். வில்லையில ஊர் பேரு இல்லையே, எங்கன்னு தேடறது? நான் ரிட்டயர் ஆன வருஷம், எண்பத்தாறுன்னு வைங்க, வேலூர்ல ஒரு ஆபீசுல பெஞ்சில உக்காந்திருந்தேன். பியூன் வந்து, "கல்லேரிப்பட்டி, சம்பங்கி மனைவி பூங்காவனம்"னு கூப்பிட்டான். ஒரு பொம்பள எழுந்து போச்சு. பக்கத்துலதான் உக்காந்திருந்துச்சு, பீடி எலை வாசம் அடிச்சிக்கினு இருந்துச்சு. நான் டீ குடிக்க வெளிய போயிட்டேன். சம்பங்கின்னு எங்க ஜில்லாவுல தெருவுக்கு ஒருத்தன் இருப்பான் சார். இந்த சம்பங்கிதான்னு எப்டி நெனைக்கறது? அந்தம்மா பொட்டு வச்சிருந்துச்சு, தாலி இருந்துச்சு. தாலி போட்டிருக்கறவகிட்ட போயி நான் இன்னான்னு சொல்றது?

சரி, வுடுங்க. இன்னிக்கு நடந்தத கேளுங்க.

சாப்பாடு போட்டாங்க. எல பெரிசு, பதார்த்தம் ஒம்போது. சோத்தக் கொழப்பி வச்சுட்டு கை கழுவ பின்பக்கம் போனேன். தொட்டி பக்கத்துல அந்தம்மா சொம்போட நின்னுக்கினு இருந்தாங்க. எனக்காகத்தான் நின்னாங்கன்னு இப்ப தோணுது. "கைய நீட்டுங்க, ஊத்தறேன்"னாங்க. நீட்டினேன். ஊத்தறாங்க. அப்பதான் சார் அவங்க கையப் பார்த்தேன்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன். அன்னிக்கு நாணல்ல நீட்டிக்கினு இருந்த கையில, பெருவெரல் அடியில, பச்சை குத்தின தேள் ஒண்ணு இருந்துச்சு. ஊதிப்போன கையில அது பெரிசா தெரிஞ்சுது. வாலு உள்பக்கமா வளைஞ்சிருக்கும். அவன் மூஞ்சிய நான் பார்க்கல. கைய மட்டும் கேளுங்க, நகம் நகமா சொல்லுவேன்.

அந்தம்மா கையிலயும் அதே தேளு. அதே எடம். வாலு மட்டும் வெளிப்பக்கமா வளைஞ்சிருக்குது. நான் பார்க்கறத அவங்க பார்த்துட்டாங்க. "கல்யாணம் ஆன வருஷம் கெங்கையம்மன் திருவிழாவுல குத்திக்கினோம். அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு"ன்னாங்க. சொம்புல தண்ணி தீந்து போச்சு, மறுபடி மொண்டாங்க.

"ஐயா, கழுத்துல கெடந்ததும் கையில கெடந்ததும் ஒண்ணா எப்டி வந்துச்சு?"ன்னாங்க.

"குளத்துல கெடச்சதும்மா"ன்னேன்.

"கடைசியா லீவுல வந்தப்ப அந்த ஓட்டைய ராவினாரு. நான்தான் இடுக்கியில பிடிச்சிக்கினேன். வாட்ச்சுல கோத்துட்டேன், இனிமே தொலையாது, ஒண்ணு உங்கிட்ட வரும், ஒண்ணு எங்கூட இருக்கும்னு சொல்லிட்டுப் போனாரு. ஒண்ணு வரும் ஒண்ணு வரும்னு இருந்தேன். இன்னிக்கு ரெண்டு வந்துக்குது. பட்டை இத்துப் போவும், சரி. வாட்ச்சு இத்துப் போவுமா?"

கைய ஒதறிக்கினே நின்னேன்.

"எடுத்தவங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க. கட்டிக்கட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா எடுத்தவங்க அவரப் பார்த்திருப்பாங்க. எனக்கு அவரு மூஞ்சியே மறந்து போச்சு, போட்டோவும் இல்ல. அது அவருதான், என் கண்ணால பார்த்தேன்னு ஒரு ஆளு சொன்னா போதும். இத கழட்டி வச்சிடுவேன்"னு சொல்லி, தாலிய ஒரு வெரல்ல தூக்கிக் காட்டினாங்க. "ஓடிப்போனவரு பொஞ்சாதின்னு சொல்றாங்க, செத்தவரு பொஞ்சாதின்னு சொல்றாங்க. கருதப்படுகிறாருன்னு எவனோ எழுதினத நம்பி இத கழட்ட மனசு வரல. நான் சாவறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

தேள் இருந்துச்சும்மான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். எனக்குத் தெரியுது சார், நான் மடையன் இல்ல. தேள் இருந்துச்சுன்னா, நீங்க எங்க பார்த்தீங்கன்னு அடுத்த கேள்வி வரும். ஷாமியானாவுல பொன்னுரங்கம் இன்னும் மைக்க விடல. என் தோள்ல இந்தக் கருமம் பிடிச்ச சால்வை. "எனக்கு இன்னாம்மா தெரியும், கூரியர்ல வந்தது"ன்னேன்.

அந்தம்மா அழல. தலைய ஆட்டிக்கினாங்க. முந்தானையால என் கையத் தொடைச்சு விட்டாங்க சார், புள்ளைக்குத் தொடைக்கற மாதிரி. எனக்கு அப்டியே உடம்பெல்லாம் கூசிப் போச்சு. மடியில இருந்து முட்டைய எடுத்து என் கையில வச்சு மூடினாங்க. "வட்டம் எனக்கு வர வேண்டியது, நான் வச்சுக்கறேன். இது அவரு கையோட இருக்க வேண்டியது. வாட்ச் கெடச்சா இதுல கோத்து எடுத்துக்கினு வாங்க. நான் எங்கயும் போவல"ன்னாங்க.

இதோ பாருங்க, ஜோபியிலதான் இருக்குது. தொட்டுப் பாருங்களேன், ஒண்ணும் ஆவாது. வேணாமா? சரி.

யாருக்கு வேணும் சார் இந்தத் தொல்லை? எழுபத்திமூணு வயசு, முட்டி வலி. அம்பத்திமூணு வருஷம் இருந்தவங்க, இன்னும் கொஞ்ச நாள் இருந்தா இன்னா கொறைஞ்சு போவுது? இருக்கறவரைக்கும் சுமங்கலியா இருந்துட்டுப் போவட்டுமே. நான் போயி அந்தம்மா கழுத்துல இருக்கறத கழட்டணுமா? எல்லாம் அந்த மருமகள சொல்லணும். பொன்னுரங்கத்த சொல்லணும். அந்த குஞ்ஞிராமன், சாமியா போயிட்டாரு, அவரையும்தான் சொல்லணும். இருவது வயசுப் பையன பொணத்துக்கிட்ட அனுப்புவாங்களா?

நீங்க ஏன் சார் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கினீங்க? ஜன்னல்ல காத்து வரலியா? எதுவும் பேசவும் மாட்டேங்கறீங்க. பரவால்ல. நானும் அப்டித்தான் திரும்பிக்கினேன்.

கொணவட்டம் வந்துடுச்சு, பைய எடுத்துக்கங்க. சால்வைய வேணாம்னா இங்கயே கெடக்கட்டும். எறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க சார். வாட்ச் நல்லா ஓடுது, அதுல கவலையில்ல. பட்டையத்தான் நான் அன்னிக்கே அறுத்துட்டேன். இந்த ஓட்டையில நொழையற மாதிரி ஒடுக்கமான தோல் பட்டை, பழைய மாடலு, வேலூர்ல எந்தக் கடையில கெடைக்கும்?